ஒப்பந்தம், அக்ரிமென்ட், புரோநோட்டு: நம்ம பக்கத்துல அடிக்கடி கேக்குற கேள்விகள்

திருநெல்வேலி பாளையங்கோட்டைல ஒரு வக்கீல் ஆபீஸ்ல குமாஸ்தாவா வேலை பாக்கேன். அம்பாசமுத்திரத்துல இருந்து வாரவரும் சரி, வள்ளியூர்ல இருந்து வாரவரும் சரி, கேக்குறது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான், அதுவும் பணத்தக் குடுத்து கையெழுத்தும் போட்டு முடிச்ச பெறகு. கையெழுத்துக்கு முந்தின நாள் கேட்டிருந்தா எவ்வளவோ பேரு கோர்ட்டுக்கே வந்திருக்க மாட்டாங்க, அந்த ஆதங்கத்துலதான் இத எழுதுதேன். இங்க சொல்லுறது பொதுவான சட்டம், உங்க கையில உள்ள காயிதத்த ஒரு வக்கீல்ட்ட காட்டித்தான் முடிவெடுக்கணும்.

அண்ணாச்சி, வாயால பேசி முடிச்சா செல்லுமா, இல்ல எழுதுனாத்தான் செல்லுமா?

செல்லும். நம்ம நாட்டுல ஒப்பந்தத்துக்குன்னு உள்ள சட்டம் 1872-ல வந்த இந்திய ஒப்பந்தச் சட்டம், இன்னைக்கும் அதுதான் ஓடுது. எல்லா ஒப்பந்தமும் எழுத்துலதான் இருக்கணும்னு அதுல எங்கயும் சொல்லல. பந்தல்காரர்ட்ட "வார 20-ந்தேதி கல்யாணம், பந்தல் போட்டுருங்க, இவ்வளவு ரூபா"ன்னு பேசி அவரும் சரின்னுட்டா அங்கனயே ஒப்பந்தம் ஆயிப்போச்சு. சிலதுக்கு மட்டும் எழுத்தும் ரிஜிஸ்டரும் கட்டாயம், நிலம், ஒத்தி மாதிரி, அதக் கீழ தனியா சொல்லுதேன்.

ஆனா செல்லுறது வேற, நிரூபிக்கிறது வேற. நாளைக்கு அவர் "நான் அப்படிச் சொல்லவே இல்லியே"ன்னா சாட்சிக்கு யாரு வருவா? சொந்தக்காரங்ககூட ஒரு பக்கம் சாய யோசிப்பாங்க. வாட்ஸப்ல ஒரு வரி, பேங்க் வழியா போன அட்வான்ஸ், ஒரு துண்டு ரசீது, இதுல எதாவது ஒண்ணு இருந்தாலும் கேஸ் நிக்கும்.

அப்போ ஒரு ஒப்பந்தம் செல்லணும்னா என்னதான் இருக்கணும்?

ஒருத்தர் கேக்கணும், அடுத்தவர் அதையே அப்படியே ஒத்துக்கிடணும். ரெண்டு பேரும் 18 முடிஞ்சவங்களா, அந்த நேரத்துல புத்தி தெளிவா உள்ளவங்களா இருக்கணும். மிரட்டலோ ஏமாத்தோ இல்லாம மனசார சம்மதிச்சிருக்கணும். ரெண்டு பக்கமும் ஏதாவது கை மாறணும், அது பணமா இருக்கலாம், பொருளா இருக்கலாம், வேலையா இருக்கலாம், 'இத நான் செய்ய மாட்டேன்'னு ஒரு வாக்காக்கூட இருக்கலாம். செய்யப் போற காரியம் சட்டத்துக்கு விரோதமா இருக்கக் கூடாது. அந்த 1872 சட்டத்தோட பிரிவு 10 சொல்லுறது சுருக்கமா இதுதான் (கீழ சட்டம் பேர் சொல்லாம 'பிரிவு'ன்னு வாரதெல்லாம் இந்தச் சட்டத்துல உள்ளதுதான்), கீழ உள்ள முக்காவாசி கேள்வி இதுல ஏதோ ஒண்ணு இல்லாமப் போனதால வந்த சண்டைதான்.

இன்னொண்ணு, பேச்சு தெளிவா இருக்கணும். "நல்ல விலை போட்டுத் தாரேன்", "அப்புறம் பாத்துச் செய்யுதேன்"ன்னு விட்டுட்டா எந்தக் கோர்ட்டும் அதுக்கு உள்ள ஒரு தொகையப் போட்டு நிரப்பித் தராது, அர்த்தம் நிச்சயமில்லாத ஒப்பந்தம் செல்லாதுன்னு பிரிவு 29-லயே இருக்கு.

வாட்ஸப்ல "உங்க டிராக்டர 4 லட்சத்துக்கு எடுத்துக்கிடுதேன், பதில் வரலன்னா சம்மதம்னு அர்த்தம்"னு போட்டேன், ப்ளூ டிக் விழுந்துட்டு, பதில் இல்ல. டிராக்டர் எனக்குத்தானே?

இல்ல. பேசாம இருக்குறது சம்மதம் ஆகாது. 1862-ல இங்கிலாந்துல ஒரு மாமா தன் மருமவன்ட்ட குதிரை வாங்குறதுக்கு இதே மாதிரிதான் எழுதுனாரு, 'இனி உன்ட்ட இருந்து ஒண்ணும் வரலன்னா குதிரை என்னோடது'ன்னு. கோர்ட் ஒத்துக்கிடல. மெசேஜப் பாத்தாருங்கிறதுக்குத்தான் ப்ளூ டிக் சாட்சி, சம்மதிச்சாருங்கிறதுக்கு இல்ல.

அதே மாதிரி அவர் "நாலேகால்னா தாரேன்"ன்னு பதில் போட்டா உங்க 4 லட்சம் கேள்வி அதோட முடிஞ்சு போச்சு, இப்ப அவர் கேக்காரு, நீங்க பதில் சொல்லணும். ரெண்டு நாள் கழிச்சு அவரா "சரி 4 லட்சத்துக்கே எடுத்துக்கிடுங்க"ன்னாலும் அது புதுக் கேள்விதான், நீங்க மாட்டேன்னுட்டுப் போகலாம்.

ரெண்டு பேரும் தெளிவா சரின்னு போட்டிருந்தா வாட்ஸப், மெயில் எல்லாமே செல்லும், எலக்ட்ரானிக் முறைல நடந்தது ஒண்ணுக்காக ஒப்பந்தத்தத் தள்ள முடியாதுன்னு ஐடி சட்டம் (தகவல் தொழில்நுட்பச் சட்டம்) பிரிவு 10ஏ சொல்லுது. ஸ்க்ரீன்ஷாட்ட மட்டும் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்தா பத்தாது, புது சாட்சியச் சட்டம் 63-ம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் சேத்துக் குடுக்கணும், அதனால சாட்டையும் போனையும் அழிக்காம வச்சிருங்க.

20 ரூபா பத்திரத்துல எழுதுனாத்தான் செல்லுமாமே, அதுவும் ஆறு மாசம் பழசாயிட்டா செல்லாதுங்காங்க, உண்மையா?

பத்திரத்தாள் ஒப்பந்தத்தப் பெறக்க வைக்கிறது இல்ல, அது அரசாங்கத்துக்குக் கட்டுற தீர்வை, அவ்வளவுதான். வெள்ளப் பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், கோர்ட்ல காட்டும்போது பாக்கித் தீர்வையும் அபராதமும் (அது பத்து மடங்கு வரைக்கும் போகலாம்) கட்டச் சொல்லுவாங்க. எவ்வளவுக்குப் பத்திரம் வாங்கணுங்கிறது அப்பப்ப மாறும், எழுதுற அன்னைக்கு பத்திர எழுத்தர்ட்ட கேட்டுக்கிடுங்க.

புரோநோட்டு (வாங்குன கடனத் திருப்பித் தாரேன்னு எழுதிக் குடுக்குற சீட்டு) மட்டும் விதிவிலக்கு, இத நல்லா மனசுல வச்சுக்கிடுங்க. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டாத புரோநோட்டுக்கு அபராதம் கட்டிக்கூட கோர்ட்ல ஏத்த முடியாது. ஒரு ரூபா ஸ்டாம்ப் ஒட்டாததால லட்சக்கணக்குல உள்ள நோட்டு சாட்சியமா நிக்காமப் போகும். ஸ்டாம்ப்புக்கு மேல குறுக்க கையெழுத்து வாங்கணும்.

ஆறு மாசக் கதைய எத்தன பேரு நம்புறாங்கன்னு சொல்லி மாளாது. பயன்படுத்தாத பத்திரத்தத் திருப்பிக் குடுத்து பணம் வாங்குறதுக்குத்தான் அந்த ஆறு மாசம். பழைய தாள்ல எழுதக் கூடாதுன்னு சட்டம் இல்லன்னு 2008-ல நம்ம தமிழ்நாட்டு கேஸ் ஒண்ணுலயே சுப்ரீம் கோர்ட் சொல்லிட்டு. ஆனா பழைய தாள்ல பழைய தேதியப் போட்டு, அன்னைக்கே எழுதுன மாதிரி காட்டுனா அது மோசடிதான்.

எதையெல்லாம் கண்டிப்பா ரிஜிஸ்டர் பண்ணணும்? வீட்ட ஒத்திக்கு எடுத்திருக்கோம், பத்திரத்துல எழுதி ரெண்டு சாட்சி போட்டாச்சு, போதும்லா?

போதாது. ஒத்திங்கிறது சட்டத்துல அடமானம், பணத்துக்கு வட்டி இல்ல, வீட்டுக்கு வாடகை இல்லன்னு நாம அனுபவிக்கிறது. 100 ரூபாய்க்கு மேல உள்ள அந்த மாதிரி அடமானம் எழுத்துல இருக்கணும், ரெண்டு சாட்சி இருக்கணும், ரிஜிஸ்டரும் ஆயிருக்கணும். டவுண், மேலப்பாளையம், பேட்டைன்னு எல்லாப் பக்கமும் அஞ்சு லட்சம் ஆறு லட்சம் குடுத்துட்டு வெறும் பத்திரத்தாள வச்சுக்கிட்டு இருக்காங்க. வீட்டுக்காரர் வேற ஒருத்தருக்கு வித்துட்டாருன்னு வைங்க, வாங்குனவர் வில்லங்கம் போட்டுப் பாத்திருப்பாரு, அதுல உங்க ஒத்தி வந்திருக்காது. அப்ப வீட்டு மேல உள்ள பிடி போயிட்டு, குடுத்த பணத்த மட்டும் பழைய வீட்டுக்காரர்ட்ட கேட்டு அலையணும். ரிஜிஸ்டர் செலவப் பாத்து யோசிக்கிறவங்க, குடுத்திருக்குற மொத்தத் தொகையையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.

நிலமோ வீடோ விக்கிறது, தானம் குடுக்குறது, ஒரு வருஷத்துக்கு மேல உள்ள குத்தகை, எல்லாம் ரிஜிஸ்டர் ஆகணும். கிரைய அக்ரிமென்ட்டும் நம்ம மாநிலத்துல 2012 டிசம்பர்ல இருந்து கட்டாயம், நிலத்துக்கு எழுதுற பவரும் அப்படித்தான். கையெழுத்துப் போட்டதுல இருந்து நாலு மாசத்துக்குள்ள சார்பதிவாளர் ஆபீஸ்ல தாக்கல் பண்ணிரணும். வீட்டு வாடகைக்கு நம்ம ஊர்ப் பக்கம் எழுதுற 11 மாச அக்ரிமென்ட்டு இருக்குல்லா, நகரப் பகுதிகள்ல 2019 பிப்ரவரில இருந்து அதுவும் எழுத்துல இருந்து வாடகை அதிகாரிட்ட பதிவாகணும்.

கிரைய அக்ரிமென்ட்ட ரிஜிஸ்டர் பண்ணாம விட்டுட்டோம், 10 லட்சம் அட்வான்ஸ் குடுத்தாச்சு. எல்லாம் போச்சா?

போகல. பதியாத அக்ரிமென்ட்டக்கூட 'கிரையம் பண்ணிக் குடு'ன்னு போடுற வழக்குல சாட்சியமா எடுத்துக்கிடலாம்னு 2023-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு, அதுவும் தமிழ்நாட்டு கேஸ்தான். ஆனா காலக்கெடு மூணு வருஷம், அக்ரிமென்ட்ல தேதி போட்டிருந்தா அந்தத் தேதில இருந்து, போடலன்னா அவர் மாட்டேன்னு சொன்னது உங்களுக்குத் தெரிஞ்ச நாள்ல இருந்து. பாக்கிப் பணத்தோட நீங்க எப்பவும் தயாரா இருந்தீங்கன்னும் காட்டணும், அதனால வாயால கேட்டுக்கிட்டே இருக்காம ஒரு வக்கீல் நோட்டீஸ் விட்டு வச்சிருங்க.

என் தம்பிக்கு 17 வயசு, கடைல தவணைக்கு போன் வாங்கி கையெழுத்தும் போட்டிருக்கான், இப்ப கடைக்காரர் எங்க அப்பாட்ட வந்து நிக்காரு.

18 ஆகாதவங்க போட்ட ஒப்பந்தம் ஆரம்பத்துல இருந்தே செல்லாது. 1903-ல பிரிவி கவுன்சில் (வெள்ளக்காரன் காலத்துல நம்ம நாட்டு கேஸுக்கெல்லாம் லண்டன்ல இருந்த மேல்கோர்ட்) தீர்ப்பு இது, கல்கத்தாக்காரப் பையன் ஒருத்தன் வீட்ட அடமானம் வச்சு கடன் வாங்குன கேஸ், இன்னைக்கும் எல்லாக் கோர்ட்டும் அதத்தான் எடுத்துச் சொல்லுது. அப்பா ஜாமீன் கையெழுத்துப் போடலன்னா அவர் பொறுப்பில்ல. 18 ஆன பெறகு தம்பி "நான் அன்னைக்குப் போட்டது சரிதான்"ன்னு ஒத்துக்கிட்டாலும் பழசுக்கு உயிர் வராது.

அதுக்காக போன வச்சுக்கிடலாம்னு நினைக்காதீங்க. போன் பயல் கைலதான இருக்கு, அதத் திருப்பிக் குடுத்துருங்க, கோர்ட்டும் அதத்தான் சொல்லும். சாப்பாடு, படிப்பு, வைத்தியம் மாதிரி அவசியச் செலவு யாராவது செஞ்சிருந்தா மைனர் பேர்ல சொத்து இருந்தா அதுல இருந்து கேக்கலாம், மைனர்ட்ட இல்ல. அப்புறம் மைனர் பேர்ல உள்ள இடத்த வாங்கப் போறவங்க கவனிக்கணும், இந்துக் குடும்பத்துல அப்பா அம்மாவே வித்தாலும் கோர்ட் அனுமதி வேணும், இல்லன்னா பையன் பெரியவன் ஆகி வந்து ரத்து பண்ணச் சொல்லலாம்.

எங்க அண்ணன் "ஆத்தங்கரை வயல் உனக்குத்தான்"ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாரு, இப்ப மதினி தர மாட்டேங்காவ. சொன்ன சொல்லுக்கு சட்டத்துல மரியாதை இல்லையா?

வருத்தமாத்தான் இருக்கு, ஆனா இல்ல. நீங்க ஒண்ணும் குடுக்காம அவர் சும்மா தாரேன்னா, மேல ரெண்டாவது கேள்வில சொன்ன 'ரெண்டு பக்கமும் ஏதாவது கை மாறணும்'ங்கிறது அங்க இல்ல. பாசத்துல குடுக்குறதுன்னா நெருங்கின உறவா இருக்கணும், எழுதி ரிஜிஸ்டரும் பண்ணிருக்கணும், அப்பத்தான் அந்த வாக்கு நிக்கும். வயலுக்கு தானப் பத்திரமோ செட்டில்மென்ட்டோ பதிஞ்சு குடுத்தாத்தான் உங்க பேருக்கு வரும்.

புருஷன் பொஞ்சாதிக்குள்ள பேசிக்கிடுறது இன்னும் கஷ்டம். சிலோன்ல வேலை பாத்த ஒரு இங்கிலீஷ்காரர், இங்கிலாந்துல தங்கிட்ட மனைவிக்கு மாசம் 30 பவுண்டு அனுப்புதேன்னு சொல்லி நிறுத்திட்டாரு, 1919-ல கோர்ட் அத ஒப்பந்தமாவே எடுக்கல, குடும்பத்துக்குள்ள பேசுன பேச்சுன்னு விட்டுட்டு. (ஜீவனாம்சம் வேற சட்டம், அது வாக்கு குடுத்தாலும் குடுக்காட்டாலும் உரிமை, ரெண்டையும் குழப்பிக்கிட வேண்டாம்.)

"நீ விடுதலைப் பத்திரத்துல (சொத்துல உள்ள பங்க விட்டுக்குடுத்து எழுதுறது) கையெழுத்துப் போடலன்னா நான் மருந்தக் குடிச்சுருவேன்"னு அப்பா சொன்னதால போட்டுக் குடுத்துட்டேன். இப்ப ஒண்ணும் பண்ண முடியாதா?

பண்ணலாம். நூறு வருஷத்துக்கு முன்னாடியே நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட் இதே விஷயத்துல தீர்ப்பு சொல்லிருக்கு. புருஷன் தற்கொலை பண்ணிக்கிடுவேன்னு மிரட்டி பொஞ்சாதி, மவன் ரெண்டு பேர்ட்டயும் தன் சகோதரனுக்கு விடுதலைப் பத்திரம் வாங்குன கேஸ், அது கட்டாயப்படுத்தல்தான்னு பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னாங்க. அடிச்சாத்தான் மிரட்டல்னு இல்ல.

இங்க ஒரு வித்தியாசம் இருக்கு. மைனர் போட்டது தானாவே செல்லாது. மிரட்டியோ ஏமாத்தியோ வாங்குனது, நீங்க 'வேண்டாம்'னு சொல்லுற வரைக்கும் செல்லிக்கிட்டே இருக்கும். அதனால நீங்கதான் கோர்ட்டுக்குப் போய் ரத்து கேக்கணும், மூணு வருஷத்துக்குள்ள. அண்ணன் தம்பி மனசு மாறும்னு காத்திருந்து காத்திருந்து காலக்கெடு தாண்டி வார பொம்பளையாட்கள நினைச்சா மனசு கனத்துப் போகுது, தயவுசெஞ்சு சீக்கிரம் வாங்க.

எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சிமார்ட்ட "பென்ஷன் மனு"ன்னு சொல்லி கிரையத்துல கைநாட்டு வாங்குறதும் நடக்கு. என்ன பத்திரம்னே தெரியாம வச்சிருந்தா அங்க சம்மதமே இல்ல, அந்தக் கேஸ் இன்னும் பலமானது. ஆச்சிய ரிஜிஸ்டர் ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போறப்போ எதிர்பக்கம் சேராத ஒரு ஆளு கூடப் போய் பத்திரத்த முழுசா வாசிச்சுக் காட்டணும்.

வட்டிக்கு 50 ஆயிரம் வாங்குனேன், வெத்துப் புரோநோட்டுல கையெழுத்து வாங்கி வச்சிருக்கான், இப்ப 5 லட்சம்னு எழுதிட்டான். தொகை எழுதாமத்தான போட்டேன், அது செல்லாதுல்லா?

இப்படித்தான் நிறைய பேரு நம்பிக்கிட்டு இருக்காங்க. ஸ்டாம்ப் ஒட்டி கையெழுத்துப் போட்டு வெத்தாக் குடுத்தா, அத நிரப்பிக்கிட நீங்களே அனுமதி குடுத்த மாதிரிதான் மாற்றுமுறை ஆவணச் சட்டம் பாக்கும். கையெழுத்து உங்களுதுன்னு ஆயிட்டா, பணம் வாங்குனீங்கன்னுதான் கோர்ட் மொதல்ல எடுத்துக்கிடும், இல்லன்னு காட்டுற பாரம் உங்க தலைல. கையெழுத்துப் போட்ட வெத்துச் செக்கும் இதே கதைதான், அதுல ஜெயில் வரைக்கும் போற வழி வேற இருக்கு.

வழி இல்லாம இல்ல. வட்டி கட்டுனத ஜிபேலயோ பேங்க்லயோ கட்டிருந்தா அந்த ஸ்டேட்மென்ட், அவன் பேசுன மெசேஜ், அவனுக்கு 5 லட்சம் குடுக்குற வசதி இருந்துதாங்கிற கேள்வி, இதெல்லாம் வச்சு எதுக்கலாம். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் இதுக்கெல்லாம் எதிரா 2003-ல தமிழ்நாட்டுச் சட்டம் வந்திருக்கு, மூணு வருஷம் வரை ஜெயிலும் 30 ஆயிரம் வரை அபராதமும் உண்டு. 2017 அக்டோபர்ல நம்ம கலெக்டர் ஆபீஸ் வளாகத்துலயே ஒரு குடும்பம் ரெண்டு பச்சப் பிள்ளைகளோட தீக்குளிச்சு செத்துச்சு, காரணம் கந்துவட்டி. அந்த எடத்துக்கு யாரும் போகக் கூடாது, அதுக்கு முன்னாடி போலீஸ்ட்டயும் கலெக்டர்ட்டயும் எழுத்துல புகார் குடுத்து ரசீது வாங்கிக்கிடுங்க, கீழ கடைசிக் கேள்வில உள்ள இலவச சட்ட உதவியையும் பாருங்க.

கைமாத்தா குடுத்தேன், புரோநோட்டு எழுதி நாலு வருஷம் ஆயிட்டு. இனி கேக்கவே முடியாதா?

புரோநோட்டுக்கு எழுதுன தேதில இருந்து மூணு வருஷம். அந்த மூணு வருஷத்துக்குள்ள அவர் 'பாக்கி இருக்கு'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாலோ, கொஞ்சம் பணம் கட்டி அதப் பின்பக்கம் தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாலோ, அந்த நாள்ல இருந்து புதுசா மூணு வருஷம் ஓடும். நீங்களா 'வரவு 500'ன்னு எழுதிக்கிட்டா செல்லாது.

மூணு வருஷம் தாண்டுன பெறகு 'பாக்கி உண்டு'ன்னு ஒத்துக்கிட்டா மட்டும் பத்தாது, 'அந்தப் பணத்தத் தாரேன்'ன்னு எழுத்துல வாக்குக் குடுத்துக் கையெழுத்துப் போடணும். அப்படிப் போட்டா காலாவதியான கடனும் திரும்ப உயிர் பெறும், பிரிவு 25-ல இருக்கு. அவர் நல்ல மனுஷனா இருந்தா புது நோட்டே எழுதி வாங்கிருங்க.

வாழைத் தோட்டத்த மொத்தமா பேசி அட்வான்ஸும் வாங்கிட்டேன், வெட்டுறதுக்குள்ள வெள்ளம் வந்து எல்லாம் சாஞ்சுட்டு. வியாபாரி அட்வான்ஸையும் கேக்கான், நஷ்ட ஈடும் கேக்கான்.

2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் அதிகமா வந்த கேள்வி இது. என்ன பேசுனீங்கங்கிறதுலதான் பதிலே இருக்கு. 'இன்ன சர்வே நம்பர்ல நிக்குற வாழை'ன்னு பேசிருந்தா, அந்த வாழையே இல்லாமப் போன பெறகு ஒப்பந்தம் தானா முடிஞ்சிரும், உங்க தப்பு இல்லன்னா நஷ்ட ஈடு கிடையாது. ஆனா வாங்குன அட்வான்ஸத் திருப்பிக் குடுக்கணும், பிரிவு 65 அதத்தான் சொல்லுது. தார் வெட்டி எண்ணி வியாபாரிட்ட ஒப்படைச்ச பெறகு வெள்ளம் வந்திருந்தா அது அவர் நஷ்டம், பொதுவா பொருள் யாரோடதோ நஷ்டமும் அவங்களோடதுதான்.

'ஆயிரம் தார் ரசகதலி தாரேன்'ன்னு எந்தத் தோட்டம்னு சொல்லாமப் பேசிருந்தா கதை வேற. உங்க தோட்டம் போனாலும் களக்காட்டுலயோ சேரன்மகாதேவிலயோ வாங்கியாவது குடுக்கணும்னு அவர் கேக்கலாம், விலை ரெண்டு மடங்கு ஆயிட்டுங்கிறது சாக்காகாது. ஒரே ஒரு வரி, 'என் இன்ன தோட்டத்துல விளையுறது மட்டும்'னு சேத்து எழுதுனா போதும், விவசாயி தப்பிச்சிருவாரு.

"பாக்கிய இந்தத் தேதிக்குள்ள கட்டலன்னா அட்வான்ஸ் முழுசும் போச்சு"ன்னு எழுதிருக்கு, கையெழுத்தும் போட்டுட்டேன். முழுசையும் பிடிச்சுக்கிடலாமா?

எழுதிருக்குங்கிறதுக்காக முழுசும் பிடிக்க முடியாது. பிரிவு 74 சொல்லுறது நியாயமான இழப்பீடு, எழுதுன தொகை அதுக்கு உச்ச வரம்பு. 1963-ல சுப்ரீம் கோர்ட் பாத்த கேஸ்ல ஒருத்தர் பங்களா வாங்குறதுக்கு 1,000 ரூபா அச்சாரமும் அதுக்கு மேல 24,000-மும் குடுத்துட்டு முடிக்காம விட்டாரு. வித்தவர் 1,000-த்த மட்டும் வச்சுக்கிடலாம், நஷ்டம் ஆச்சுன்னு காட்டாததால 24,000-த்தத் திருப்பிக் குடுன்னு தீர்ப்பு. அதனால அச்சாரம் எது, விலைல ஒரு பகுதி எதுன்னு தனித்தனியா எழுதச் சொல்லுங்க.

வேலைக்குச் சேந்தப்போ ரெண்டு வருஷ பாண்டு போட்டு சர்டிபிகேட்டையும் வாங்கி வச்சிக்கிட்டாங்க, செல்லுமா?

வேலைல இருக்குற காலத்துக்கு உள்ள கட்டுப்பாடும், டிரெய்னிங் செலவுக்கு உள்ள நியாயமான தொகையும் செல்லும், அதுவும் மேல சொன்ன 74-க்கு உட்பட்டுத்தான். விட்டுட்டுப் போன பெறகு 'இந்தத் தொழிலே பண்ணக் கூடாது'ங்கிறது பிரிவு 27-ப்படி செல்லாது. ஒரிஜினல் சர்டிபிகேட்ட மட்டும் எந்தக் காரணத்துக்கும் கைல குடுத்துட்டு வராதீங்க.

அரசாங்க வேலை வாங்கித் தாரேன்னு 6 லட்சம் வாங்குனாரு, அக்ரிமென்ட்டும் எழுதிருக்கோம், வேலை வரல. அந்த அக்ரிமென்ட்ட வச்சு கேஸ் போடலாமா?

அந்தக் காயிதத்த வச்சு ஒண்ணும் நடக்காது. காசுக்கு அரசாங்க வேலை வாங்கித் தாரேங்கிற ஒப்பந்தம் செல்லாதுன்னு 1872 சட்டத்துலயே பிரிவு 23-ல உதாரணமாப் போட்டிருக்கு. ரெண்டு பேருமே தப்பான காரியத்துக்குக் கைகோத்தா கோர்ட் ஒருத்தருக்கு மட்டும் கைகுடுக்காது. ஆனா அவருக்கு வேலை வாங்கித் தார எண்ணமே இல்லாம ஏமாத்திருந்தா அது மோசடிக் குற்றம், மாவட்டக் குற்றப்பிரிவுல புகார் குடுக்கலாம், அந்த வழில சிலருக்குப் பணம் திரும்பவும் வந்திருக்கு. நிலத்த வித்துக் குடுத்த பெத்தவங்க வெக்கப்பட்டுக்கிட்டு புகார் குடுக்காம விடுறதாலதான் அதே ஆளு அடுத்த ஊர்ல போய் நிக்கான்.

கேஸ் நடத்த கைல காசே இல்ல, என்ன செய்ய?

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு பாளையங்கோட்டை கோர்ட் வளாகத்துலயே இருக்கு, தாலுகா கோர்ட்கள்லயும் வட்டக் குழு உண்டு. பெண்கள், பதினெட்டு வயசுக்குள்ள உள்ளவங்க, பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், மாற்றுத்திறனாளிகள், வெள்ளம் மாதிரி பேரிடர்ல பாதிக்கப்பட்டவங்க இவங்களுக்கெல்லாம் வருமானம் பாக்காம இலவசமா வக்கீல் வச்சுத் தருவாங்க, மத்தவங்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100-க்கு போன் பண்ணியும் கேக்கலாம். போறப்போ பத்திரம், ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாத்துக்கும் ஜெராக்ஸ் ஒரு செட் எடுத்துட்டுப் போங்க, ஒரிஜினல வாசிக்கக் காட்டிட்டு திரும்ப வாங்கிக்கிடுங்க.